மிச்சத்துக்கு எங்கே நோகுது?

கம்பி சிவந்துகொண்டு வந்தது. நாய் கொட்டாவி விட்டது.

முகாமின் பொதுச் சமையல் கொட்டில் அது. மத்தியானச் சோறு இறக்கியாயிற்று. அடுப்பில் தணல் மட்டும் கிடந்தது. மாட்டுக்குக் குறி சுடுகிற என் கம்பியை அந்தத் தணலுக்குள் செருகிவிட்டுக் குந்தியிருந்தேன். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் வாகரைப் பக்கத்துச் சனம். சண்டைக்குள் அகப்பட்டு, காட்டாலும் கடற்கரையாலும் நடந்து வந்து, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் தறப்பாள் கட்டி இருந்தவர்கள்.

நடுவிலே அந்த நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்த பெட்டை நாய். அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி கதிரவெளிப் பூரணமக்கா, ஒரு காலை மடித்து மற்றக் காலை நீட்டி, நிலத்தில் இருந்தா.

"பாருங்களன், கொட்டாவி விடுது! இதுக்கு நோவுமில்ல, ஒண்டுமில்ல. எல்லாம் கள்ளம்" என்றார் தம்பிராசா அண்ணன். முகாம் சனத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர்.

"கள்ளமெண்டா உன்ர காலக் கடிக்குமா?" என்றா பூரணமக்கா.

"அதத்தானே நானும் கேக்கிறன்!"

சனம் சிரித்தது. நாய் திரும்பவும் கொட்டாவி விட்டது. மூக்கை ஒரு தரம் நக்கிக்கொண்டது. தணலை அது பார்க்கவில்லை. பிடிவாதமாக மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நாயின் பெயர் மிச்சம். சுனாமியாகக் கடல் வந்த நாளில் பூரணமக்காவின் வீடு போனது, புருசன் போனார், தோணி போனது. பின்னேரம் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் இந்தக் குட்டி நின்றதாம், பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. ஏதோ மரக்குற்றி அடித்திருக்க வேண்டும். "என்னகா மிச்சம்?" என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவ நாயைக் காட்டினாவாம். அப்படியே பெயராகிவிட்டது.

இரண்டு வருசம் கழித்துச் சண்டை துரத்தியபோது, மிச்சமும் அத்தனை கட்டை தூரமும் கூடவே நடந்து வந்தது. முகாமுக்கு வந்த பிறகுதான் அதன் குணம் மாறியது. முதுகில் கை வைத்தால் உறுமும். ஒருநாள் மா பங்கிடுகிற இடத்தில் குறுக்கே படுத்திருந்ததைத் தம்பிராசா அண்ணன் காலால் மெல்ல ஒதுக்க, கெண்டைக்காலில் பல் பதிந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டார். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்த்தார்கள். விசர் இல்லை.

ஆனால் அதற்குள் வேறு கதை வந்துவிட்டது. இரண்டு கிழமையில் சனத்தை ஊருக்கு ஏற்றப் போகிறார்கள், லொறி வரப்போகிறது என்று.

"கடிக்கிற நாய் லொறியில ஏறாது" என்றார் தம்பிராசா அண்ணன். "பிள்ளையளும் ஏறுதுகள். ஆர் பொறுப்பு?"

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. மிருக வைத்தியருக்கு உதவியாளாக இருந்த என்னிடம் பூரணமக்கா சொன்னதில் அதைவிட ஞாயம் இருந்தது.

"ஒண்டில் சூடு வச்சு அவளச் சுகமாக்கு மனே. இல்லாட்டி உங்கட டொக்டர் புள்ளயிட்டச் சொல்லி ஊசியப் போட்டு முடிச்சிரு. நான் கையால மண் போட்டுற்றுப் போறன். ஆனா உசிரோட விட்டுற்றுப் போகமாட்டன்."

என் கைராசி

போன கிழமை இந்தப் பத்தியில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் குடிக்கொரு மாட்டுக்குறி இருந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "நொண்டுகிற மாட்டுக்குச் சூடு வைத்தால் நொண்டல் போகும் என்பதை ஏன் எழுதவில்லை?" என்று கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, அதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டைகளில் நான் கம்பியோடு திரிந்த காலத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கைராசிக்காரன். இதெல்லாம் யாரும் சொல்லித்தந்து படித்ததில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். இடுப்பு விழுந்த மாட்டுக்கு இடுப்பில் இரண்டு கோடு. தோள் பிசகின எருமைக்குத் தோளில் வட்டம். நாய் நொண்டினாலும் அதே வைத்தியம்தான், கோடு மட்டும் சின்னது. மறுநாள் போய்ப் பார்ப்பேன். நொண்டாது. நிமிர்ந்து நிற்கும். தயிர்ச் சட்டி ஒன்று கைக்கு வரும்.

ஒரு தடவை, பட்டிமாடு பார்க்கிற சின்னவன் என்கிற மனிசன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ போனாப் பிறகு என்ர நாய் நொண்டிற்றுத்தான் திரியிது. உன்னக் கண்டாத்தான் பெரிய மனிசன் மாதிரி நிமிர்ந்து நிக்கிது."

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் மருதமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவனுடைய காவல் நாய், நான் இடுப்பில் கோடு போட்ட நாய், மூன்று காலில் போய்த் தண்ணீர் குடித்தது. நான் மரத்தைவிட்டு வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் நான்காவது காலை நிலத்தில் வைத்தது. வைத்து, நின்று, கொட்டாவி விட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கம்பியைக் கூரையில் செருகிவிட்டேன். பிறகு ஏன் பூரணமக்காவுக்காக எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்பீர்கள். முகாமில் யாரோ என்னை அடையாளம் கண்டு, "இவர்தான் படுவான்கரைக் கைராசிக்காரர்" என்று சொல்லிவிட்டார்கள். பத்துப் பேருக்கு முன்னால் ஒருத்தி கண்ணீரோடு கேட்கிறா. மனிசனுக்கு அந்த ஆசை பொல்லாதது. முகாம் வாசலில் நின்ற ஆமிக்காரர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மாட்டுக்குக் கையெழுத்து" என்றேன். சிரித்துவிட்டு விட்டார்.

அரைக் குளிசை

கொட்டாவியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் நல்லவன் மாதிரித் தெரிவேன்.

கடல் வந்ததற்குப் பிந்திய மாதங்கள். அப்போது நான் மிருக வைத்தியருக்கு உதவியாளாகச் சேர்ந்த புதிது. அவ என்னைவிட வயதில் குறைந்தவ. சனம் டொக்டர் புள்ள என்றுதான் கூப்பிடும். நாய்களுக்கு விசர்நோய் ஊசி போட முகாம் முகாமாகத் திரிவோம். எந்த முகாமுக்குப் போனாலும் ஒரு பெட்டி நிறையப் பரசிற்றமோல் குளிசை இருக்கும். தலையிடியா, குளிசை. காலில் முள்ளா, குளிசை. நித்திரை வரவில்லையா, அதற்கும் குளிசை. "அரிசி இல்லாத நாள் இருக்கு, குளிசை இல்லாத நாள் இல்ல" என்று ஒரு தையல்காரி சொல்லுவா.

அவவின் பூனைதான் அது. சாம்பல் நிறம். தகரம் விழுந்து முன்கால் வீங்கிவிட்டது. ஒரு பெட்டிக்குள் போய்க் கால் நாலையும் வயிற்றுக்குக் கீழே மடித்துவைத்துக்கொண்டு, முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. நக்கித் துடைக்காததால் மயிரெல்லாம் திரித்திரியாக நின்றது. டொக்டர் புள்ள அன்றைக்கு வரவில்லை. தையல்காரி பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அரைக் குளிசையை மீனுக்குள் வைத்துக் கொடுத்தேன்.

பொழுதுபட முன் முகம் வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பார்த்தால் இளஞ்சிவப்பில்லை, கபில நிறம். ஆனால் மடியில் கிடந்து குறுகுறு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "பாருங்க, சுகம் வந்திட்டு, சந்தோசத்தில குறுகுறுக்குது" என்றேன். என் வாயால் சொன்னேன். விடியும்போது அது இல்லை.

டொக்டர் புள்ள ஏசவில்லை. பூனையின் உடம்பால் அந்தக் குளிசையைத் தாங்க முடியாது, அரைத்துண்டும் நஞ்சுதான் என்று சொன்னா. நாய்க்கும் எங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது, மனிசனுடைய நோக்குளிசைகள் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கிவிடும் என்றா. பிறகு, போகிற போக்கில், "பூனை நோவிலயும் குறுகுறுக்கும் அண்ணன். தன்னைத் தானே தேத்திக்கொள்ளுற மாதிரி. நாய் பயத்தில கொட்டாவி விடுறதும் அப்படித்தான்" என்றா.

 தையல்காரி அடுத்த முறை போனபோதும் தேத்தண்ணி தந்தா. அதைக் குடித்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

கம்பி குளிர்ந்தது

ஆகவே, அந்தச் சமையல் கொட்டிலில் மிச்சம் இரண்டாம் தரம் கொட்டாவி விட்டபோது, எனக்குள் அந்தக் குறுகுறுச் சத்தம் கேட்டது. கம்பியைத் தணலிலிருந்து இழுத்தேன். பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் வைத்தேன். 'சுர்' என்று ஆவி எழும்பியது.

"பயந்திட்டான்கா!" என்று ஒரு பெண்பிள்ளை சிரித்தாள்.

"ஓம், பயந்திட்டன்" என்றேன். "அக்கா, லொறி வாறதுக்குள்ள ரெண்டு கிழமை இரிக்கில்லையா? அதை எனக்குத் தாங்க."

"ரெண்டு கிழமையில என்ன செய்வாய்?"

"முதல்ல இவளுக்கு எங்க நோகுதெண்டு பாக்கப்போறன்."

"அதப் பாக்க ரெண்டு கிழமையா?" என்றார் தம்பிராசா அண்ணன். "எனக்கு எங்க நோகுதெண்டு நான் இப்பவே சொல்லுறன்." கெண்டைக்காலைத் தட்டிக் காட்டினார்.

அதுதானே வித்தியாசம். எங்கள் சனத்தைப் போல நோவைச் சொல்லத் தெரிந்தவர்கள் யார்? குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது, விண் விண் எண்டு தெறிக்குது. கொக்கட்டிச்சோலையில் ஒரு கிழவர், "நாரிக்குள்ள ஆரோ செருப்போட நடக்கிறான்" என்பார். இத்தனை சொல் வைத்திருக்கிற நாங்கள், சொல்லே இல்லாத பிராணி கத்தவில்லை என்றதும், அதற்கு நோவில்லை என்று எழுதிவிடுகிறோம்.

தண்ணி வரிசையில் நின்று

மருதமரத்தடியில் படித்த பாடத்தை வைத்துக்கொண்டு, நான் மிச்சத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. தண்ணீர் கொண்டுவருகிற பௌசர் நிற்கிற இடத்தில் வரிசையோடு நின்று, தறப்பாள் ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். வேலை முடிந்து வரும்போதெல்லாம் பார்த்தேன்.

படுக்கும்போது இடப்பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கியது. எழும்பும்போது முன்கால் இரண்டாலும் உடம்பை இழுத்தது. இடது இடுப்பில் ஓரிடத்தை நக்கி நக்கி மயிர் நிறம் மாறியிருந்தது. தண்ணீர்த் தாங்கியில் முதுகை முட்டிக்கொண்டுதான் கண்ணயரும். பின்னால் யாரும் வரமுடியாத இடம் அது. இன்னொன்று, நான் முதலில் கவனிக்காமல் விட்டது. மழை பெய்து நனைந்த நாய்களெல்லாம் உடம்பை உதறின. மிச்சம் உதறவில்லை. நனைந்தபடியே நின்று காய்ந்தது.

வரிசையில் நிற்கும்போது சனத்தின் கதையும் காதில் விழும். பூரணமக்காவுக்கு அங்கே 'மகாராணி' என்று பட்டம். அவவின் வாளிதான் வரிசையில் நிற்கும், அவ நிற்க மாட்டா. ஓரமாக இருந்துகொண்டு, "மனே, அந்த வாளியக் கொஞ்சம் தள்ளிவிடு" என்பா. நிறைந்ததும், "கொண்டுவந்து வச்சிரு மனே" என்பா. நானே எத்தனை தடவை தூக்கியிருப்பேன்! "கதிரவெளியில இவவுக்கு அரமனை இருந்ததாக்கும்" என்பார் தம்பிராசா அண்ணன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

டொக்டர் புள்ள தன் முறை நாளில் வந்து பார்த்தா. வாய்க்குப் பாதுகாப்புக் கட்டிவிட்டு, காலை மெல்ல மடக்கி நீட்டினா. இடுப்புப் பொருத்தில் பழைய அடி, சரியாகப் பொருந்தாமலே ஆறியது. அத்தனை தூரம் நடந்ததில் தேய்ந்து அழற்சி வந்திருக்கிறது என்றா. "இது முழுக்க மாறாது. ஆனா நோவைக் குறைக்கலாம்."

நாய்க்கென்று உள்ள குளிசை கொடுத்தா. அதன் உடல் நிறையை மதித்து, எத்தனை நாள், எத்தனை துண்டு என்று எழுதித் தந்தா. சோறு தின்ற பிறகுதான். சத்தி எடுத்தாலோ மலம் கறுத்தாலோ உடனே நிறுத்த வேண்டும். ஈர நிலத்தில் படுக்க விடக் கூடாது. காலையும் மாலையும் கொஞ்சத் தூரம் நடக்கலாம், ஓட விடக் கூடாது. சூடு வேண்டுமென்றால் அதற்கும் வழி சொன்னா: மணலை வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் எங்கள் முழங்கைக்குள் வைத்துப் பார்த்து, இளஞ்சூடாக ஒத்த வேண்டும்.

"அப்ப சூடு நல்லதுதானே!" என்றா பூரணமக்கா, என்னைப் பார்த்து. "நீதான் கம்பியக் கொண்டுவந்து பேய்க்காட்டின நீ."

உதறல்

லொறியில் ஏற்றுவதற்கு எனக்கு ஒரு யோசனை இருந்தது. இடுப்பில் கை பட்டால் கடிக்கும். கை படாமல் தூக்கினால்?

நிவாரண அரிசி வந்த பெரிய சாக்கொன்றைக் கழுவிக் காயவைத்து, மற்றச் சாக்குகளுக்கு மேலே அவளுக்குப் படுக்கையாகப் போட்டோம். முதலில் சந்தேகத்தோடு மணந்து பார்த்தாள். சாக்கின் நடுவில் நெத்தலிக் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கண்டதும் சந்தேகம் குறைந்தது. மூன்றாம் நாள் அதிலேதான் நித்திரை. பிறகு நானும் பூரணமக்காவின் பக்கத்துத் தறப்பாள்காரரும் இரண்டு முனையைக் கொஞ்சமாக உயர்த்தினோம், நான்கு விரல் உயரம். உறுமினாள். இறக்கினோம். அடுத்த நாள் திரும்ப. அவள் உறுமினால் இறக்கிவிடுவோம் என்று அவளுக்கு விளங்கிய பிறகு உறுமல் குறைந்தது. தன் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் கத்தத் தேவையில்லைப் போல.

பக்கத்தில் போவதென்றால் முன்னாலிருந்துதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் பார்த்த பிறகு. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிவைத்தோம்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, காலையில் ஒரு மழை. நான் சைக்கிளை வேலியில் சாத்துகிறேன், பூரணமக்காவின் சத்தம் வாசல் வரை கேட்கிறது.

"உதறிற்றாள்கா! உதறிற்றாள்!"

ஓடிப்போனேன். மிச்சம் முற்றத்தில் நின்றாள். எங்களைப் பார்த்தாள். காதிலிருந்து தொடங்கி, கழுத்து, தோள், முதுகு என்று போய், இடுப்பில் கொஞ்சம் தயங்கி, வால் நுனி வரை உதறினாள். தண்ணீர் என் சேட்டிலெல்லாம் தெறித்தது. பூரணமக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டா. மழைத் தண்ணிதான் என்று சொன்னா.

அதற்குப் பிறகு மிச்சம் மூன்று மாரி கண்டாள் என்று, யுத்தமெல்லாம் முடிந்து நான் கதிரவெளிக்குப் போனபோது அறிந்தேன். குளிர் நாட்களில் மணல் ஒத்தடம் கேட்டு அடுப்படிக்கே வந்து நிற்பாளாம்.

லொறி வந்த நாள்

லொறி விடியவே வந்துவிட்டது. பானை சட்டி, தகரம், கோழிக்கூடு எல்லாம் ஏறின. சாக்கை நிலத்தில் விரித்தேன். மிச்சம் தானாக வந்து படுத்தாள். நான்கு முனைக்கு நான்கு ஆள் வேண்டும். மூன்று பேர் வந்தார்கள்.

"அண்ணன், நீங்களும் ஒரு முனை பிடிங்க."

"பிடிக்கிறன்" என்றார் தம்பிராசா அண்ணன். "ஆனா தலப்பக்கம் பிடிக்க மாட்டன். ஒரு கால் போதும் அதுக்கு."

வால்பக்கம் கொடுத்தோம். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றதும் சாக்கு எழும்பியது. மிச்சம் உறுமவில்லை. லொறித் தட்டில் இறக்கியதும் எழும்பி நின்று, தம்பிராசா அண்ணனின் கையை ஒரு தரம் மணந்து பார்த்தாள். அவர் கையை இழுக்கவில்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பூரணமக்கா. ஏறுவதற்கு ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. அதில் ஒரு காலை வைத்தா. இரண்டு கையாலும் லொறியைப் பிடித்தா. அப்படியே நின்றா.

"ஏறுங்களன் அக்கா."

"ஏறுறன், ஏறுறன். என்ன அந்தரம் இப்ப?"

ஏறவில்லை. உதட்டை நக்கிக்கொண்டா. எங்களைப் பார்க்காமல், வேண்டுமென்றே, மற்றப் பக்கம் பார்த்தா.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். சமையல் கொட்டிலில் தணலுக்கு முன்னால் பார்த்த முகம். வரிசையில் தனியே நின்ற வாளி நினைவுக்கு வந்தது. நிலத்தில் இருக்கும்போதெல்லாம் நீட்டியிருந்த அந்தக் கால் நினைவுக்கு வந்தது. இரண்டு கிழமை தறப்பாள் ஓட்டைக்குள்ளால் நாயைப் பார்த்தவன் நான். நாய்க்குப் பக்கத்தில்தான் அவ இருந்தா.

"அக்கா, எங்க நோகுது?"

"ஆருக்கு? அவளுக்கா?"

"உங்களுக்கு."

"எனக்கென்ன? நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறன்."

நான் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். காத்திருக்கப் பழகியிருந்தேன்.

"முழங்கால்" என்றா, லொறிக்குச் சொல்லுவது போல. "கடல் வந்த நாளையில இருந்து."

"அடியே, அதுக்கா எங்களக் கொண்டு தண்ணி சுமப்பிச்ச நீ?" என்றார் தம்பிராசா அண்ணன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேகா!"

"நீங்க ஆராவது கேட்டிங்களா?"

 தம்பிராசா அண்ணன் லொறித் தட்டுக்கு எட்டி, மிச்சத்துக்குப் பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்தெடுத்து, நிலத்தில் நன்றாக விரித்தார்.

"சீ, போங்கடா! என்னயும் சாக்கில தூக்கப் போறிங்களா?"

"இரி. கடிக்காட்டிச் சரி" என்றார் அவர்.

தலைப்பக்கத்தை இந்த முறை அவரே பிடித்தார்.